நிரந்தரமாக மூடப்பட்ட லாட்ஜிலிருந்து

“நீ கை வைக்கிற வரைக்கும் லாட்ஜ் இருந்துச்சு. இப்ப ரிசப்ஷன்ல நான் உட்கார்ந்திருக்கேன், ஃபேன் சுத்துது, மாடியில ஒரு குழந்தை அழுவுது, ஆனா லாட்ஜ் மட்டும் இல்லையாம். என்ன பண்ணித் தொலைச்சே?”

என் வீட்டுக்காரர் திருநள்ளாற்றிலிருந்து போனில் கத்தியதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். இங்கே காரைக்காலில் என் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு, போனில் மேப்பைத் திறந்து எங்கள் லாட்ஜின் பேரைத் தட்டினேன். பேர் வந்தது. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று இருந்தது. நம் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நாமே பஸ் ஸ்டாண்டு சுவரில் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

சின்ன வியாபாரத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பாதி சம்பளம், பாதி பயம். எனக்குச் சம்பளம் கிடையாது என்பதால் முழுக்கவே பயம். வீட்டு வியாபாரத்தை நெட்டில் மேலே ஏற்றிக்காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். லாட்ஜின் பேரை மட்டும் எழுதவில்லை. இருக்கிற பயம் போதும்.

மூன்றாம் பக்கம்

முன்பெல்லாம் சனீஸ்வரனைக் கும்பிட வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் வாசலாக ரூம் கேட்பார்கள். இப்போது காரில் வரும்போதே, மயிலாடுதுறையைத் தாண்டுவதற்குள் போனில் ரூமைப் பிடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு எதிரே ஏசி லாட்ஜ் ஒன்று வந்ததிலிருந்து, சனிக்கிழமையில்கூட எங்கள் பலகையில் சாவிகள் தொங்கிக்கொண்டே இருந்தன. அடுத்த சனிப்பெயர்ச்சிக்கும் ரூம் நிறையாவிட்டால், எதிர் லாட்ஜ்காரரிடமே குத்தகைக்கு விட்டுவிடப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். பெயர்ச்சி இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை வருவது. விவசாயிக்குத் தை மாதம் எப்படியோ, லாட்ஜ்காரனுக்கு அது அப்படி. அவர் அப்பா கட்டிய லாட்ஜ். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது.

கான்வென்ட்டில் படித்தவள், வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்று வெப்சைட்டை என் தலையில் கட்டினார். சும்மா இருக்கிற என் கையில் அப்போது முறுக்கு மாவு இருந்தது. மாவைக் கழுவிக்கொண்டு மெஹருன்னிசாவிடம் போனேன். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே சிஸ்டரிடம் ஒரே ஸ்கேலால் அடி வாங்கியவர்கள் நாங்கள். புருஷன் கத்தாரில் இருக்கிறார். இவள் இங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்துக் கடைகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுக்கிறாள். ‘திருநள்ளாறு லாட்ஜ்’ என்று தட்டி, திரையை உருட்டினாள், உருட்டினாள், உருட்டிக்கொண்டே இருந்தாள். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கூட வந்தது, நாங்கள் வரவில்லை.

கடைசியில் கண்டுபிடித்துத் திரையை என் பக்கம் திருப்பினாள். “பாரு, மூணாவது பக்கத்துல கிடக்கு உன் புருஷன் லாட்ஜ். இங்க வரைக்கும் வர்றவன் ரூம் தேடி வர்றவன் இல்லடி, வழி தவறினவன்.”

ஜன்னலில் ஒரு காக்கை

முதலில் நல்ல படம் போட வேண்டும் என்றாள். நானே போய், புதுப் படுக்கை விரிப்பு போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து எடுத்தேன். வெளிச்சம் பிரமாதமாக விழுந்திருந்தது. அந்தப் பூரிப்பில், ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு காக்கை உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. படம் ஏறிய மறுநாள் ஊர் உலகமே கவனித்துவிட்டது. சனி பகவானுக்கு வாகனம் காக்கை. அது எந்த ரூமைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறதோ அந்த ரூம்தான் வேண்டும் என்று பாதிப்பேர்; அந்த ரூமைத் தவிர எதுவானாலும் சரி என்று மீதிப்பேர். வெப்சைட்டில் போட்டிருப்பது என் நம்பர் என்பதால் எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். வெந்நீர் வருமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

படத்தை எடுத்துவிடு என்றால் மெஹர் மாட்டேன் என்றாள். இருப்பதிலேயே அதிகம் பேர் பார்க்கும் படம் அதுதானாம். சரி, எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொல்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தபோது, திண்டிவனத்திலிருந்து ஒரு பெரியவர் பேசினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “அந்தக் காக்கா உங்க லாட்ஜைச் சேர்ந்ததுங்களா, இல்ல கோயிலைச் சேர்ந்ததுங்களா? அது மட்டும் தெரிஞ்சா அட்வான்ஸ் போட்டுடுவேன்.”

எதைத் தட்டி வந்தார்கள்

என்ன சொற்களைத் தட்டிக்கொண்டு எங்கள் பக்கத்துக்கு ஆட்கள் வருகிறார்கள் என்பதை ஒருநாள் மெஹர் காட்டினாள். கார் நிறுத்த இடம், குடும்பத்தோடு தங்க, கோயிலுக்கு நடக்கும் தூரம் என்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். ‘ஏழரைச் சனி எப்போது முடியும்’ என்று இருந்தது. ‘அஷ்டமச் சனி உயிருக்கு ஆபத்தா’ என்று இருந்தது. ‘சனி திசை கணவர்’ என்று தட்டி, மேலே தட்ட மனசில்லாமல் விட்டவர்களும் இருந்தார்கள். ஏசி போட்ட அறையில் எனக்கு முதுகு வேர்த்தது. மெஹருக்கு அதெல்லாம் இல்லை. பயந்தவன்தான் தேடுவான், நிம்மதியாக இருக்கிறவன் எதைத் தேடப்போகிறான், அவர்கள் கேட்பதற்குப் பதில் எழுதிப் போடு, தானாக மேலே வருவோம் என்றாள். பஞ்சாங்கத்தையும் இரண்டு ஜோசியப் பத்திரிகைகளையும் வைத்துக்கொண்டு, எந்த ராசிக்கு எது வரை, என்ன பரிகாரம் என்று நீளமாக எழுதினேன். கடைசி வரியில் ரூம் வசதி. எழுதும்போது என் ராசியையும் பார்த்தேன். என்ன போட்டிருந்தது என்று சொல்லமாட்டேன்.

மளமளவென்று முதல் பக்கத்துக்கு ஏறினோம். அதிலும் முதல் இடம். வீட்டுக்காரர் கல்யாண நாளுக்குக்கூட வாங்காத அல்வாவை வாங்கிக்கொண்டு வந்தார்.

அப்புறம்தான் அந்த அம்மா பேசினாள். ஈரோட்டுப் பக்கப் பேச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினாள். பின்னால் யார் யார் பேரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டுக்காரருக்குக் கிட்னி போய்விட்டது, நடக்க முடியாது. பெயர்ச்சி அன்றைக்கு எப்படியாவது கூட்டிக்கொண்டு வரவேண்டும், படி ஏறாத ரூம் ஒன்று வேண்டும் என்றாள். கீழே இருக்கிறது, எடுத்து வைக்கிறேன் என்றேன். அவள் போனை வைக்கவில்லை. அவர் ராசி, நட்சத்திரம் எல்லாம் சொல்லி, நீங்கள் எழுதியிருக்கிறபடி இவருக்குச் சனி எப்போது விடும் என்று கேட்டாள். அம்மா, நான் லாட்ஜ்காரி, ஜோசியம் தெரியாது, டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். டாக்டர் ஒன்று சொல்கிறார், ஜோசியர் ஒன்று சொல்கிறார், நெட்டில் தேடினால் முதலில் வந்தது நீங்கள்தானே என்றாள். முதலில் வருவதற்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அவளே மறுபடி சொன்னாள்: “தேதியை மட்டும் சொல்லுங்க. அது வரைக்கும் எப்படியோ தாங்கிக்கிறேனுங்க.”

பேரோடு நாலு வரி

அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பக்கத்தை எடுக்கவைத்தேன். அந்த இடத்தில் ‘படி ஏறாமல் போகும் கீழ்த்தள அறை உண்டு’ என்று மட்டும் போட்டேன். மெஹர் திட்டினாள். வீட்டுக்காரர் மறுபடி செருப்பைப் பார்த்தார். அது இன்னும் மோசம். ஏறியதைவிட வேகமாக இறங்கினோம்.

இனி ஒரே வழி, தங்கியவர்கள் நெட்டில் நாலு வரி நல்லபடியாக எழுத வேண்டும் என்றாள் மெஹர். கேட்டால் எழுதுவார்கள், நீதான் கேட்பதில்லை என்றாள். ஆகவே சனிக்கிழமைதோறும் காரைக்காலிலிருந்து பஸ் பிடித்துப் போய் ரிசப்ஷனில் நின்று, கிளம்புகிற ஒவ்வொருவரையும் கெஞ்சினேன். கெஞ்சிப் பழக்கமில்லாததால் அதட்டுவது மாதிரி இருந்ததாக வீட்டுக்காரர் சொல்கிறார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவரும் எழுதவில்லை. எழுதிய ஒரே ஆளும் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, ‘வந்துவிட்டுப் போயும் எதுவும் மாறவில்லை’ என்று எழுதியிருந்தார். சனீஸ்வரன் மேல் இருக்கிற கோபம். மேப்பில் கைக்கு அகப்பட்டது நாங்கள்.

ஏன் யாருமே எழுத மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை. பாங்க் அதிகாரி மாதிரி இருந்த ஒருவரை வாசல்வரை துரத்திக்கொண்டு போய்க் கேட்டுவிட்டேன். அவர் கோயில் இருக்கும் திசையை ஒரு தரம் பார்த்துவிட்டு, என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்தார். “அவர் பார்வையில படாம போகணும்னுதான் எள் விளக்கு ஏத்திட்டு வர்றேன். நீங்க பேரும் போட்டோவும் போட்டு எழுதி வெச்சுட்டுப் போகச் சொல்றீங்களே.”

கிளம்பிய மறுநாள் காலை

நேரில் கூச்சப்படுகிறார்கள், போனில் கேட்போம் என்று முடிவு செய்தேன். கிளம்பிய மறுநாள் காலையில் தானாகப் போய்ச் சேரும்படி மெஹர் ஒரு வாட்ஸ்அப் செய்தியை ஏற்பாடு செய்து வைத்தாள். வாசகம் என்னுடையது. ‘எங்களோடு தங்கியதற்கு நன்றி. உங்களை மீண்டும் விரைவில் எதிர்பார்க்கிறோம். கீழே தட்டி உங்கள் கருத்தைப் பதிவு செய்யுங்கள்.’ சிஸ்டர்கள் எங்களை வளர்த்தது அப்படி. வந்தவரை நன்றி சொல்லி, மறுபடி வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

முதல் ஆள் பல் தேய்த்தாரோ இல்லையோ, போன் வந்துவிட்டது. அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கோபம் என்று முதலில் நினைத்தேன், இல்லை, பயம். “ஏழரை வருஷம் பட்டதெல்லாம் போதும்னு நேத்துதான் குளத்துல தலை முழுகிட்டு, திரும்பிப் பார்க்காம வந்தேன். காலையில கண்ணு முழிச்சா நீங்க மறுபடி கூப்பிடறீங்க. நான் உங்களுக்கு என்னம்மா பாவம் பண்ணினேன்?”

வீட்டுக்காரரிடம் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அப்பா காலத்திலிருந்தே எங்கள் லாட்ஜில் கிளம்புகிறவர்களிடம் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்வதில்லையாம். ‘நல்லபடியா கிளம்புங்க’, அத்தோடு சரி. திருநள்ளாற்றிலிருந்து போகிறவர்கள் அடுத்த வேளையே இந்த ஊரை மறக்கத்தான் ஆசைப்படுவார்கள். இதை என்னிடம் முன்னாலேயே சொல்லவில்லையே என்றேன். இதையெல்லாம்கூடச் சொல்வார்களா என்றார். உண்மைதான், நானும் இத்தனை வருஷத்தில் அந்த ரிசப்ஷனில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேனே தவிர, காது கொடுத்துக் கேட்டதில்லை.

மூடியவர்கள்

செய்தியை நிறுத்துவதற்குள் அது நிறைய பேருக்குப் போய்விட்டிருந்தது. அப்புறம்தான் நான் தொடக்கத்தில் சொன்ன சிவப்பு எழுத்து வந்தது. எதிர் லாட்ஜ்காரரின் வேலை என்று வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மெஹர்தான் போனிலேயே தடுத்தாள். நான் அனுப்பிய செய்தியைத் தட்டினால் நேராக எங்கள் லாட்ஜின் பக்கத்துக்குப் போகும். அந்தப் பக்கத்தில் ‘இந்த இடம் மூடப்பட்டுவிட்டது’ என்று தெரிவிக்கவும் வழி உண்டு. தங்கிவிட்டுப் போனவர்களில் பலர் அதை அழுத்தியிருக்க வேண்டும் என்றாள். நான் நம்பவில்லை. யாராவது தான் படுத்துத் தூங்கிய லாட்ஜை இல்லை என்று சொல்வார்களா?

போன வாரம் தங்கியவர்களில் சாதுவான ஒருவருக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூட வாத்தியார், சாவியைக்கூட இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுப் போனவர். இப்படி ஒன்று நடந்திருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். போனில் மேப் அடிக்கடி அந்த ஊரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்ததாகவும், வீட்டில் அம்மா பயந்துவிட்டதாகவும், மகனை விட்டு எதையோ அழுத்தச் சொன்னதாகவும் சொன்னார். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. எனக்குக் கத்தத் தோன்றவில்லை. அவரே தொடர்ந்தார்: “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. லாட்ஜ் நல்லாத்தான் இருந்துச்சு. எங்க குடும்பத்துக்கு அது மூடினதாவே இருந்துட்டுப் போகட்டும்.”

பூட்டு

திறந்துதான் இருக்கிறது என்று நிரூபிக்க மேப் கம்பெனிக்கு வீடியோ அனுப்ப வேண்டுமாம். தெரு தெரிய வேண்டும், பெயர்ப்பலகை தெரிய வேண்டும், உரிமையாளர் தன் சாவியால் வாசல் கதவைத் திறந்து உள்ளே போக வேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது. மெஹரும் நானும் திருநள்ளாறு போனோம். பலகையைத் துடைத்தாயிற்று, வீட்டுக்காரருக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டியாயிற்று. சாவி எங்கே என்றால் அவர் விழிக்கிறார். அந்த வாசல் கதவைப் பூட்டியதே கிடையாது. எந்நேரமும் ஆள் வரும் ஊர். அவர் அப்பா இறந்த அன்றுகூட ஒரு கதவு திறந்தே இருந்தது. திறந்திருக்கிறோம் என்று காட்டுவதற்காகக் கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்தோம்.

பூட்டிய பிறகும் அவர் பூட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு தரம் பூட்டிவிட்டால் அப்படியே நிலைத்துவிடுமோ என்று அவருக்குப் பயம். எனக்கும்தான். எதிர் லாட்ஜ்காரர் தன் வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். மெஹர் போனை உயர்த்தி, தெருவிலிருந்து மெல்ல நடந்து வந்து பலகையைக் காட்டி, கதவுக்குத் திருப்பினாள். வீட்டுக்காரர் சாவியைப் போட்டார். புதுப் பூட்டு, சுலபத்தில் திறக்கவில்லை. அப்போது உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். கோயிலுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம். அவர்கள் இருப்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. அந்த ஆளின் குரல் வீடியோவில் தெளிவாகப் பதிந்திருக்கிறது: “ஏங்க, உள்ள நாங்க இருக்கோம். தோஷம் போக வந்தவங்களைப் பூட்டி வெக்கிறீங்களே, இதையும் ஏழரையில கழிச்சுக்குவாங்களா?”

இப்போது

அந்த வீடியோவையே அனுப்பிவிட்டோம். உள்ளே ஆள் இருப்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம் என்றாள் மெஹர். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி வந்தது. அந்த வரியை அனுப்பியது எந்த ஊரில் இருக்கும் யார் என்று தெரியாது. கேட்கப் போன் நம்பரும் இல்லை. பெயர்ச்சி நெருங்கிவிட்டது. எதிர் லாட்ஜ்காரர் வந்து காபி குடித்துவிட்டு, மாடியில் தண்ணீர் டேங்க் எவ்வளவு கொள்ளும் என்று சும்மா விசாரிப்பது போல விசாரித்துவிட்டுப் போனார். வீட்டுக்காரர் பதில் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

வருகிற ஒன்றிரண்டு பேரும் கீழ்த்தள அறையைத்தான் கேட்கிறார்கள். அந்தச் சாவியை வீட்டுக்காரர் பலகையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார். நான் சொல்லவில்லை, அவராகவே. அந்த ஈரோட்டு அம்மா திரும்பப் பேசவில்லை. நடுவில் ஒருநாள் எங்களைத் தேடியிருப்பாளோ, அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்திருப்பாளோ, பார்த்து அதற்கு என்ன அர்த்தம் செய்துகொண்டிருப்பாளோ என்று நினைக்கும்போதெல்லாம் மேப்பைத் திறந்து அந்த எழுத்து போய்விட்டதா என்று பார்க்கிறேன். போன் போட்டேன், மணி அடித்து ஓய்ந்தது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், வாங்க என்று எழுதக்கூடாது, எப்போது வருகிறீர்கள் என்றும் கேட்கக்கூடாது. அடித்து அடித்து அழித்து, கீழே கடைசியில் இருப்பதை ஒருவழியாக அனுப்பினேன். அனுப்பியதற்குப் பக்கத்தில் இரண்டு டிக்கும், அவள் இன்னும் படிக்கவில்லை என்று, சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கின்றன.

தேடுகிறவர்கள் கையில் நாங்கள் அகப்பட வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டதில், கடைசியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தியைத் தேடிக்கொண்டிருப்பது நான்தான்.

“அம்மா, லாட்ஜ் திறந்துதான் இருக்கு. படி ஏறாத ரூமை யாருக்கும் கொடுக்கல. ஐயா எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க.”